பத்து நிமிட நூற்பு, இரண்டு வரிசைப் பின்னல்: வாசகர் கேள்விகள்

கம்பளி நூற்கவும் பின்னவும் கற்றுக்கொள்ளும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். ஏறக்குறைய எல்லாக் கடிதங்களிலும் ஒரு வரி பொதுவாக இருந்தது: "நேரமே கிடைப்பதில்லை." ஆகவே எந்த வேலையைப் பாதியில் விடலாம், எதை விடக்கூடாது என்பதையும் ஆங்காங்கே சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: கம்பளி நூற்கவும் ஆசை, அந்த நூலிலேயே ஸ்வெட்டர் பின்னவும் ஆசை. இரண்டுமே தெரியாது. கைக்குழந்தை ஒன்று, பள்ளிக்குப் போகிற பிள்ளை ஒன்று. வேலைக்கும் போகிறேன். சேர்ந்தாற்போல் அரை மணி நேரம் கிடைப்பதே அபூர்வம். எதில் ஆரம்பிக்கட்டும்?

பதில்: இரண்டையும் கூடவே ஆரம்பிக்கலாம். ஆனால் ஒன்றை நம்பி இன்னொன்றை வைக்காதீர்கள். முதன்முதலில் நூற்கும் நூல் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும்தான் வரும். பின்னலும் புதிது, நூலும் இப்படி என்றால், கண்ணி (பின்னலின் ஒவ்வொரு வளையம்) கோணலாவது கையாலா நூலாலா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் பின்னலை மில் நூலில் பழகுங்கள். வெளிர் நிறத்தில், 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 மீட்டர் வருகிற நடுத்தரக் கம்பளி நூல் போதும். ஊசி 4.5 அல்லது 5 மி.மீ., மரத்திலோ மூங்கிலிலோ. உலோக ஊசியில் கண்ணி சட்டென்று நழுவிவிடும். கறுப்பும் கருநீலமும் வேண்டாம். இரவு விளக்கில் கண்ணியே தெரியாது.

நூற்பதற்கு ஒரு தக்ளி (கையால் சுழற்றி நூற்கும் கதிர்) போதும். வட்டு மேலே இருக்க வேண்டும், உச்சியில் கொக்கி வேண்டும், எடை 35 முதல் 50 கிராம். பருத்திக்கான சிறிய தக்ளி இதற்குச் சரிவராது. அது எடை குறைந்தது, வேகமாகச் சுழன்று சீக்கிரம் நின்றுவிடும். தடித்த கம்பளி நூலுக்கு அந்தச் சுழற்சி பற்றாது. சீவிய கம்பளிப் பட்டை 100 கிராம் வாங்குங்கள். இழை நீளம் 8 முதல் 12 செ.மீ. இருந்தால் நல்லது. கொரிடேல் போன்ற நடுத்தரக் கம்பளி கைக்கு அடங்கும். மெரினோ மிருதுவானதுதான், ஆனால் இழை மிக நுண்மையானது. கை பழகாதவர்களுக்கு ஒரு நேரம் வழுக்கிக்கொண்டு போகும், ஒரு நேரம் இறுகிக்கொண்டு வரவே வராது. இரண்டாவது கட்டாக வாங்கிக்கொள்ளலாம்.

நேரத்துக்கு வருவோம். தக்ளியில் நூற்பதை எந்த நொடியிலும் நிறுத்தலாம். குழந்தை அழுதால் சுற்றி வைத்துவிட்டுப் போங்கள். ஒரே கண்ணி வரிசையாகப் போகும் வெற்றுப் பின்னலும் அப்படியே. புரி சேர்ப்பதற்காக (நூற்ற இரண்டு நூல்களை ஒன்றாக முறுக்குவதற்காக) நூலைச் சுற்றி வைப்பது, ஊசியில் கண்ணி ஏற்றுவது, கழுத்தும் அக்குளும் குறைப்பது ஆகிய மூன்றுக்கும் குறுக்கீடு ஆகாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு கிடைக்கும் நேரத்தை அவற்றுக்கு மட்டும் ஒதுக்கி வையுங்கள். கையில் ஒரு வேலை, அமைதியான நேரத்துக்கு ஒரு வேலை என்று இரண்டு பைகள் தனித்தனியாக இருக்கட்டும். இருக்கும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் ஊசியைத் தேடுவதில் போகாமல் இருக்க அதுதான் வழி.

கேள்வி: தக்ளியைச் சுழற்றிவிட்டால் இரண்டு மூன்று சுற்றுக்குள் நூல் அறுந்து தக்ளி தரையில் விழுகிறது. எத்தனை தடவை முயன்றாலும் இதே கதி. கைவாகு இல்லையோ?

பதில்: கைவாகைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தக்ளி சுழல்வதையும் இழை இழுப்பதையும் ஒரே சமயத்தில் செய்யப் பார்க்கிறீர்கள். இரண்டையும் பிரித்துவிட்டால் நூல் அறுவது நின்றுவிடும்.

நாற்காலியில் உட்காருங்கள். தக்ளியின் தண்டில், வட்டுக்குக் கீழே, 60 செ.மீ. நீளமுள்ள கம்பளி நூல் ஒன்றைக் கட்டுங்கள். அதை வட்டின் விளிம்பிலுள்ள வெட்டு வழியாக மேலே கொண்டுவந்து கொக்கியில் மாட்டுங்கள். இந்தத் தொடக்க நூல் கம்பளியாகவே இருக்கட்டும். பருத்தி நூலில் கம்பளி இழை பற்றாது. அதன் நுனியைப் பிரித்துப் பஞ்சுபோல ஆக்குங்கள். கம்பளிப் பட்டையிலிருந்து சுண்டுவிரல் தடிமனுக்கு நீளவாக்கில் ஒரு கீற்றுப் பிரித்து, அதன் நுனியைத் தொடக்க நூலின் மேல் 8 முதல் 10 செ.மீ. படிய வையுங்கள். இரண்டையும் சேர்த்து இடக்கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடியுங்கள். வலக்கையால் தக்ளியை வலச்சுற்றாகச் சுழற்றுங்கள். தொடக்க நூலில் முறுக்கு நன்றாக ஏறியதும் தக்ளியைப் பிடித்து நிறுத்தி, இரண்டு முழங்கால்களுக்கும் இடையில் இடுக்கிக்கொள்ளுங்கள். இனி அது அசையாது.

இப்போது இரண்டு கையும் உங்களுடையது. கிள்ளிய இடத்தை வலக்கை வாங்கிக்கொள்ளட்டும். இடக்கை கம்பளியைத் தளர்வாகப் பிடித்துப் பின்னோக்கி இழுக்கட்டும், 4 செ.மீ. அளவுக்கு. வேண்டிய மெலிவுக்கு வந்ததும் வலக்கைக் கிள்ளலை மெல்ல மேலே நகர்த்துங்கள். விரலைத் தொடர்ந்து முறுக்கு ஏறி இழை நூலாவது கண்ணுக்குத் தெரியும். மறுபடி இழுங்கள், மறுபடி நகர்த்துங்கள். சேமித்த முறுக்கு தீர்ந்து நூல் தளர்ந்ததும் மீண்டும் ஒருமுறை சுழற்றி இடுக்கிக்கொள்ளுங்கள். ஒரு கை நீளம் ஆனதும் தண்டில் சுற்றிவிட்டுத் தொடருங்கள்.

நூல் எங்கே விட்டுப்போகிறது என்று கூர்ந்து பாருங்கள். காரணம் அங்கேயே தெரியும். சத்தமில்லாமல் இழை பிரிந்து நழுவியிருந்தால் முறுக்குக் குறைவு. தக்ளி சுழன்று நின்றபின் எதிர்ப்பக்கமாகத் திரும்பிச் சுழலும். ஏறிய முறுக்கு அப்போது அவிழும், நூல் விடும். புதிதாகப் பழகுகிறவர்களின் தக்ளி கீழே விழுவது பெரும்பாலும் இதனால்தான். திரும்பத் தொடங்கும் முன்பே பிடித்துவிடுங்கள். மாறாக, இழுக்கவே வரவில்லை, கம்பளி கல்லாக நிற்கிறது என்றால் இரண்டில் ஒன்று. முறுக்கு உங்கள் கிள்ளலைத் தாண்டி மேலேயுள்ள கம்பளிக்குள் போயிருக்கும். அந்த இடத்தை எதிர்ப்பக்கம் உருட்டி அவிழ்த்துவிட்டு இழுங்கள். அல்லது இரண்டு கைகளும் மிக நெருக்கமாக இருக்கும். பட்டையின் நுனியிலிருந்து ஒரு சிட்டிகை இழையை உருவி அதன் நீளத்தை அளந்து பாருங்கள். இழை 10 செ.மீ. என்றால் கைகளின் இடைவெளி 10 செ.மீ.க்கு மேல் இருக்க வேண்டும். குறைந்தால் ஒரே இழையின் இரண்டு நுனிகளையும் நீங்களே பிடித்து இழுத்துக்கொண்டிருப்பீர்கள்.

அறுந்த நூலை முடிச்சுப் போட்டு ஒட்டாதீர்கள். நுனியைப் பிரித்துப் பஞ்சாக்கிப் புதுக் கம்பளியில் படியவைத்து முறுக்கு ஏற்றினால் ஒட்டிய இடம் தெரியாது.

கேள்வி: அறுகாமல் வருகிறது. ஆனால் நடுநடுவே கம்பளிப்பூச்சி போலக் குண்டுக் குண்டாக வருகிறதே?

பதில்: முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தைத் தேடி ஓடும், தடித்த இடத்தில் தங்காது. குண்டான பகுதிக்கு இரண்டு பக்கமும் நூல் கம்பியாக இறுகியிருக்கும், குண்டு மட்டும் பஞ்சாகவே நிற்கும். குண்டின் இரு முனைகளையும் பிடித்து, முறுக்கை எதிர்த்திசையில் சற்று அவிழ்த்தபடி இழுத்தால் அது மெலியும். வராமல் தடுக்க வேண்டுமானால் நூற்கும் முன்பே கீற்றை இன்னும் மெல்லியதாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கம்பளி பிடித்திருக்கும் கையை இறுக்க வேண்டாம். வியர்வையும் அழுத்தமும் சேர்ந்தால் இழைகள் ஒட்டிக்கொள்ளும்.

இன்றைக்குப் பத்து நிமிடம், நாளை மறுநாள் கால்மணி என்று நூற்கிறவர்களுக்கு ஒவ்வொரு நாள் நூலும் ஒவ்வொரு தடிமனில் வரும். இதற்கு ஓர் அட்டை போதும். உங்களுக்குப் பிடித்த தடிமனில் வந்த நூலில் 15 செ.மீ. அட்டையில் சுற்றி ஒட்டுங்கள். கூடவே புதிதாக நூற்ற நூலை மடித்துவிட்டால் அது தானாகவே தன்மேல் முறுக்கிக்கொள்ளும் அல்லவா, அந்த இருபுரித் துண்டையும் முடிச்சிட்டு ஒட்டிவையுங்கள். தக்ளியைக் கையிலெடுக்கும் ஒவ்வொரு முறையும் முதல் ஒரு முழத்தை அட்டையோடு வைத்துப் பாருங்கள். இந்த அட்டை பிற்பாடு புரி சேர்க்கும்போதும் தேவைப்படும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தெரிந்தவர்கள் ஆட்டிலிருந்து கத்தரித்த கம்பளி இரண்டு கிலோ கொடுத்தார்கள். பிசுக்கும் வாடையுமாக இருக்கிறது. வாஷிங் மெஷினில் போடலாமா?

பதில்: போடவே போடாதீர்கள். கம்பளி இழையின் மேல் மீன்செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அசைவும் சேர்ந்தால் அவை ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு கெட்டித் துணியாகிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை.

கழுவும் முன் ஒரு சோதனை. ஒரு கொத்தை இரு முனைகளிலும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று இழுங்கள். கணீரென்று நின்றால் நல்ல கம்பளி. சரசரவென்று முறியும் சத்தம் கேட்டால் இழையில் பலவீனம் இருக்கிறது. எவ்வளவு உழைத்தாலும் அது நல்ல நூலாகாது. சாணம் ஒட்டியவை, சடை விழுந்தவை, ஒரு விரற்கடைக்கும் குறைவான துண்டுகள் ஆகியவற்றை இரக்கமின்றி ஒதுக்குங்கள்.

ஒரு தடவைக்கு 250 கிராமுக்கு மேல் வேண்டாம். முதலில் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால் மண்ணும் வியர்வை உப்பும் இறங்கும். பிறகு 60 முதல் 65 டிகிரி சூட்டு நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, கம்பளியை மேலிருந்து மெல்ல அமுக்கி 15 நிமிடம் விடுங்கள். கலக்கக் கூடாது, கசக்கக் கூடாது. நீர் ஆறும் முன் எடுத்துவிட வேண்டும். ஆறினால் உருகிய கொழுப்பு மறுபடி கம்பளியிலேயே படிந்துவிடும். இதே சூட்டில் இன்னொரு முறை சோப்பு நீர், பிறகு இரண்டு முறை வெறும் நீர். குழாயை நேராக அதன்மேல் திறக்காதீர்கள். பாத்திரத்தில் முதலில் நீர், அப்புறம் கம்பளி. துண்டில் சுருட்டி அமுக்கி, வலைத்தட்டில் நிழலில் காயவிடுங்கள். எடை மூன்றில் ஒரு பங்கோ பாதியோகூடக் குறையலாம். குறைந்ததெல்லாம் அழுக்கும் கொழுப்பும்தான்.

சுடுநீர், சிறு பிள்ளைகள் இரண்டையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். சமையல் பாத்திரமும் இதற்கு வேண்டாம். வெளிப்படையாகச் சொன்னால், முதல் வருடம் சீவிய பட்டையை வாங்கி நூற்பதே புத்திசாலித்தனம். இந்த இரண்டு கிலோவைக் கழுவிச் சீவி முடிப்பதற்குள் நூற்கும் ஆசையே போய்விடும். கழுவாத கம்பளியைக் காகிதப் பையில் போட்டு, வீட்டுத் துணிமணிகளிலிருந்து தள்ளி வையுங்கள்.

கேள்வி: நூற்ற நூல் சுருள் சுருளாகத் திருகிக்கொண்டு நிற்கிறது. இதை அப்படியே பின்னலாமா? புரி சேர்க்க உட்கார்ந்தால் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள், எழுந்து வந்தால் சிக்கல்தான் மிஞ்சுகிறது.

பதில்: ஒற்றைப்புரி நூலை இந்த நிலையில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாய்ந்துபோகும். இரண்டு ஒற்றைப்புரிகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் திருகல் அடங்கும். மெலிந்த இடங்களுக்குத் துணையும் கிடைக்கும்.

குறுக்கீட்டுக்கு ஒரு நல்ல தீர்வு இருக்கிறது. புரி சேர்ப்பதில் இரண்டு வேலைகள் கலந்திருக்கின்றன: இரண்டு நூலையும் சம இழுப்பில் வைப்பது, முறுக்குவது. முதலாவதைத் தனியாக முடித்துவிடுங்கள். 40 கிராம் நூற்றிருந்தால் 20, 20 ஆக இரண்டு கண்டுகளாகச் சுற்றிக்கொண்டு, இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள். இரண்டு நுனிகளையும் சேர்த்துப் பிடித்து, டென்னிஸ் பந்தின் மேல் இறுக்கமாக, சமமாகச் சுற்றி ஒரே உருண்டையாக்குங்கள். இந்தச் சுற்றல் மட்டும்தான் அமைதி கேட்கும் வேலை; 40 கிராமுக்கு ஓர் இரவு போதும். ஒரு நூல் தொங்கலாகவும் மற்றொன்று விறைப்பாகவும் போனால் பிற்பாடு தொங்கல் நூல் விறைப்பு நூலைச் சுற்றி ஏறிச் சுருள் விழும். அதனால் இரண்டும் விரலிடுக்கில் ஒரே அழுத்தத்தில் ஓட வேண்டும்.

உருண்டை தயாரான பிறகு முறுக்குவதை எங்கும் செய்யலாம், எப்போதும் நிறுத்தலாம். இரட்டை நுனியைத் தொடக்க நூலில் கட்டி, தக்ளியை இம்முறை இடச்சுற்றாகச் சுழற்றுங்கள். நூற்ற அதே திசையில் சுழற்றிவிட்டால் இரண்டும் இன்னும் இறுகிக் கம்பியாகிவிடும், தொட்டவுடன் தெரியும்.

எவ்வளவு முறுக்குவது? இங்கேதான் அந்த அட்டை. ஒற்றைப்புரி சில நாள் தக்ளியிலேயே கிடந்தால் அதன் முறுக்கு உறங்கிவிடும். அப்போது புரி சேர்த்துவிட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தால் சரியாக இருப்பதுபோல ஏமாற்றும். நனைத்ததும் முறுக்கு விழித்துக்கொண்டு நூல் திருகும். அன்றைக்கே மடித்து ஒட்டிவைத்த துண்டில் ஒரு செ.மீ.க்கு எத்தனை புரி வளைவு இருக்கிறதோ, அத்தனை வளைவு வரும்வரை முறுக்குங்கள். 100 கிராமில் 200 மீட்டர் இருபுரி நூல் வேண்டுமானால் ஒற்றைப்புரி ஏறத்தாழ 440 மீட்டர் நூற்க வேண்டியிருக்கும். முறுக்கும்போது நூல் நீளத்தில் கொஞ்சம் உள்வாங்கும், அதற்குத்தான் இந்த 40.

முடிந்ததும் நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாக்கி, நான்கு இடங்களில் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். 40 டிகிரி வெதுவெதுப்பான நீரில் ஷாம்பூ சில சொட்டு விட்டு 20 நிமிடம் ஊறட்டும். அதே சூட்டு நீரில் அலசி, துண்டில் சுருட்டி அமுக்கி, உதறித் தொங்கவிடுங்கள். நேராக நிற்கட்டும் என்று அடியில் எடை கட்டுகிறார்கள் சிலர். அது வேண்டாம். இழுத்துக் காயவைத்த நூல் பின்னிய பிறகு முதல் சலவையிலேயே சுருங்கிவிடும்.

கேள்வி: 30 கண்ணி ஏற்றி மஃப்ளர் ஆரம்பித்தேன். ஒரு சாண் வளர்வதற்குள் 37 ஆகிவிட்டது. எங்கிருந்து வருகின்றன இவை?

பதில்: பெரும்பாலும் ஓரத்திலிருந்து. வரிசை முடிந்து திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்தால், முதல் கண்ணி மேலே தூக்கப்பட்டு அதன் இரண்டு கால்களும் ஊசிமேல் இரண்டு கண்ணி போலத் தெரியும். இரண்டையும் பின்னிவிடுவீர்கள். திருப்பியதும் நூலைக் கீழே இழுத்துவிட்டு, ஊசிக்கு அடியில் கொண்டுபோய்ப் பின்னால் வையுங்கள். முதல் கண்ணிக்கு ஒரே கால்தான் தெரிய வேண்டும்.

நடுவில் ஓட்டையோடு கூடியிருந்தால், நிட் (நூலைப் பின்னால் வைத்துப் போடும் அடிப்படைக் கண்ணி) போடும்போது நூல் முன்பக்கம் இருந்து ஊசியைச் சுற்றி வந்திருக்கிறது. அடுத்த வரிசையில் அந்தச் சுற்றை அப்படியே நழுவவிட்டால் சரியாகிவிடும். ஓட்டை இல்லாமல் கூடியிருந்தால் ஊசி முனை நூலைப் பிளந்து ஒன்றை இரண்டாகப் பின்னியிருக்கிறது. முனை மழுங்கலான ஊசிக்கு மாறினால் குறையும். 10 கண்ணிக்கு ஒரு வளையக் குறி மாட்டிவிடுங்கள். 30 எண்ணுவதற்குப் பதில் ஒவ்வொரு பத்தையும் ஒரு பார்வையில் சரிபார்க்கலாம், பேசிக்கொண்டே.

ஏற்கனவே கூடிய 7 கண்ணிகளைப் பிரிக்க மனமில்லையென்றால், வரிசைக்கு ஒன்றாக ஓரத்தில் இரண்டை ஒன்றாகச் சேர்த்துப் பின்னிக் குறைத்துவிடலாம். ஆனால் ஒரு சாண்தானே, பிரித்துப் பின்னுவதே நல்லது. மஃப்ளர் என்பது அந்த ஓரத்தைத்தான் எல்லோருக்கும் காட்டும்.

கேள்வி: வரிசை நடுவில் வைத்துவிட்டுப் போய், திரும்ப எடுக்கும்போது எந்தப் பக்கம் பின்னிக்கொண்டிருந்தேன் என்று குழம்புகிறது.

பதில்: உருண்டையிலிருந்து வரும் நூல் எந்த ஊசியின் கண்ணியிலிருந்து கிளம்புகிறதோ அந்த ஊசி வலக்கைக்கு. அவ்வளவுதான். இடக்கைப் பழக்கத்தில் பின்னுகிறவர்களுக்கு இது மாறும்.

முடிந்தவரை வரிசையை முடித்துவிட்டே வையுங்கள். நடுவில் நிறுத்தி நாள்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் கண்ணிகள் தளர்ந்து ஒரு கோடு விழும். வட்ட ஊசி (இரண்டு ஊசிகளை நடுவில் கேபிளால் இணைத்தது) வாங்கிக்கொண்டால் தட்டையான துண்டையும் அதில் பின்னலாம். கண்ணிகளை நடுக் கேபிளுக்குத் தள்ளிவிட்டால் குழந்தை இழுத்தாலும் சீக்கிரம் கழன்று வராது. டிசைன் பின்னுகிறவர்கள் 10 வரிசைக்கு ஒருமுறை எல்லாக் கண்ணிகளுக்குள்ளும் வேறு நிறப் பருத்தி நூல் ஒன்றைக் கோத்துவிடுங்கள், வளையக் குறிகளுக்குள் போகாமல். தவறினால் அந்த நூல்வரை பிரித்தால் போதும், கண்ணிகள் அங்கேயே நிற்கும்.

கேள்வி: கணவருக்குப் பின்னிய ஸ்வெட்டர் அவரைப் போல் ஒன்றரை ஆளுக்கு வருகிறது. புத்தகத்தில் சொன்ன எண்ணிக்கை, சொன்ன ஊசி. என்ன தவறு?

பதில்: மாதிரித் துண்டு பின்னாமல் ஆரம்பித்திருப்பீர்கள். புத்தகம் எழுதியவரின் கை இறுக்கம் வேறு, உங்களுடையது வேறு. 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்று புத்தகம் சொல்கிறது, உங்கள் கைக்கு 18 வருகிறது என்று வையுங்கள். இரண்டு கண்ணிதானே என்று தோன்றும். 200 கண்ணிச் சுற்றளவில் அது 100 செ.மீ.க்குப் பதில் 111 செ.மீ. ஆகிவிடும்.

15 செ.மீ.க்கு 15 செ.மீ. அளவில் ஒரு துண்டு பின்னுங்கள். ஸ்வெட்டரை எப்படித் துவைப்பீர்களோ அப்படியே துவைத்துக் காயவையுங்கள். பிறகு ஓரங்களை விட்டுவிட்டு நடுவிலுள்ள 10 செ.மீ.யில் எண்ணுங்கள். துவைக்காமல் எண்ணுவது வீண். கம்பளி ஈரத்தில் தளர்ந்து தன் இயல்பான அளவுக்கு வரும். கண்ணி குறைவாக இருந்தால் அரை மி.மீ. சிறிய ஊசிக்கு மாறி இன்னொரு துண்டு. துணியின் தொடுகை உங்களுக்கு 18-லேயே பிடித்திருந்தால் ஊசியை மாற்றாமல் எண்ணிக்கையை மாற்றுங்கள்: 100 செ.மீ.க்கு 180 கண்ணி.

இதில் நேரம் போகிறது என்று குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. நேரம் இல்லாதவர்கள்தான் மாதிரித் துண்டைக் கண்டிப்பாகப் பின்ன வேண்டும்.

கேள்வி: ஒரு பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் (நூலை முன்னால் வைத்துப் போடும் கண்ணி) என்று பின்னிய மஃப்ளர் குழாய்போல் சுருள்கிறது. அயர்ன் பண்ணினால் சரியாகுமா?

பதில்: ஆகாது; அந்தப் பின்னலின் குணமே சுருள்வது. இரண்டு பக்கமும் நிட் மட்டும் போட்டால் தட்டையாக நிற்கும். இல்லையென்றால் ஆரம்பத்திலும் முடிவிலும் 6 வரிசை, இரு ஓரங்களிலும் 5 கண்ணி எப்போதும் நிட் வருமாறு கரை கட்டுங்கள்.

கேள்வி: பேத்திக்குத் தொப்பி பின்னினேன். போட்டவுடன் அழுகிறாள். கம்பளி என்றாலே குழந்தைகளுக்கு ஆகாதா?

பதில்: எல்லாக் கம்பளியும் குத்தாது அம்மா. குத்துவது இழையின் தடிமனைப் பொறுத்தது. ஏறத்தாழ 30 மைக்ரானுக்கு (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) மேல் தடித்த இழைகளின் நுனி வளையாமல் தோலில் குத்தி நிற்கும். மெல்லிய இழை வளைந்துகொடுக்கும். மெரினோ பொதுவாக 17 முதல் 22 மைக்ரான். பேத்திக்கு அதில் பின்னுங்கள். நூலைக் கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். வேலை செய்த விரல்களுக்குத் தெரியாது. கழுத்தோரத்தில் அரை மணி நேரம் செருகி வைத்துப் பாருங்கள். உறுத்தவில்லை என்றால் தைரியமாகப் பின்னலாம்.

கையால் நூற்கும்போது முறுக்கு அதிகமானாலும் மெரினோகூட முரடாகிவிடும். கைக்குழந்தைக்கு என்றால் கழுத்தில் கட்டும் நீண்ட கயிறு, விரல் மாட்டும் பெரிய ஓட்டை டிசைன், தளர்வாகத் தைத்த பொத்தான் மூன்றும் கூடாது.

கேள்வி: என் 7 வயது மகள் தானும் செய்வேன் என்று ஊசியைப் பிடுங்குகிறாள். கொடுக்கலாமா?

பதில்: கொடுங்கள், ஆனால் அவளுக்கென்று தனியாக. 20 செ.மீ. நீளமுள்ள 6 மி.மீ. மர ஊசி, தடித்த நூல், நீங்களே ஏற்றிக்கொடுத்த 12 கண்ணி. முதல் வாரம் நிட் மட்டும் போதும். அதற்கும் முன்னால் வெறும் விரல்களில் பின்னும் சங்கிலிப் பின்னல் கற்றுக்கொடுத்தால் கண்ணி என்றால் என்னவென்று விரலுக்கே புரிந்துவிடும். நூற்க வேண்டுமென்றால் தக்ளிக்குப் பதில், நுனியில் கொக்கி வளைத்த ஒரு கம்பியைக் கொடுங்கள். முனைகளைத் தேய்த்து மழுக்கிவிட வேண்டும். நீங்கள் கம்பளியை இழுத்துக் கொடுக்க, அவள் கொக்கியைத் திருகட்டும். வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் வளையக் குறி, ஊசி மூடி, நூல் சுருள் எல்லாம் மூடியுள்ள டப்பாவில்.

கேள்வி: போன வருடம் நூற்ற சிட்டங்களில் பூச்சி அரித்திருக்கிறது. நாப்தலின் உருண்டை போட்டும் பயனில்லை.

பதில்: அரிப்பது பறக்கும் பூச்சி அல்ல, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் படிந்த கம்பளியை அது தேடி வரும். நாப்தலினை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகள் வாயில் போட்டால் ஆபத்து.

சிட்டங்களை வெளியில் கொண்டுபோய் உதறி, அரித்த இழைகளை வெட்டி எறியுங்கள். மிச்சத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையை உடனே திறக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்கும். அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள். இனிமேல் துவைத்துக் காயவைத்ததை மட்டும் மூடி வையுங்கள். அலமாரியின் மூலை முடுக்கை வேக்குவம் செய்யாமல் திரும்ப உள்ளே வைத்தால் பழைய கதைதான்.

கேள்வி: ராட்டை வாங்கிவிடட்டுமா? தக்ளி மெதுவாகத்தானே போகிறது?

பதில்: தக்ளியில் 200 கிராம் நூற்று, புரி சேர்த்து, அதைப் பின்னியும் பார்த்துவிட்டு வாங்குங்கள். கால்மிதி ராட்டை வேகம்தான். ஆனால் அதற்கு நிரந்தரமாக ஓர் இடம் வேண்டும். எடுத்து வைத்து மடக்கி வைப்பதிலேயே உங்கள் பத்து நிமிடம் போய்விடும். தவழும் குழந்தையின் விரலுக்கு சக்கரமும் கொக்கி வரிசையும் நல்லதல்ல. வாங்குவதாக முடிவு செய்தால், உட்கார்ந்து மிதித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: முதல் முறையாக 80 கிராம் இருபுரி நூல் நூற்று முடித்துவிட்டேன்! மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கிறது. இதில் என்ன பின்னலாம்? நூல் பாதியில் தீர்ந்துவிடுமோ என்றும் பயம்.

பதில்: வாழ்த்துகள். அந்த மேடு பள்ளம் இரண்டு பக்கமும் நிட் போடும் பின்னலில் அழகாகவே இருக்கும்; நுணுக்கமான டிசைன் மட்டும் வேண்டாம். நூலை அளவுகோலின் மேல் நெருக்காமல் சுற்றி 2.5 செ.மீ.யில் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். 9, 10 வந்தால் 5 மி.மீ. ஊசி, 7, 8 வந்தால் 6 மி.மீ. இரண்டு கண்டுகளாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு வரிசை ஒன்றில், இரண்டு வரிசை மற்றொன்றில் என்று மாற்றி மாற்றிப் பின்னினால் தடித்த பகுதியெல்லாம் ஒரே இடத்தில் சேராது.

நூல் தீருமோ என்ற பயம் இல்லாமல் பின்ன, மூலையிலிருந்து தொடங்கும் சதுரம் பின்னுங்கள். 3 கண்ணி ஏற்றி, ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும் ஒரு கண்ணியை முன்னாலும் பின்னாலுமாகப் பின்னி இரண்டாக்குங்கள். துண்டு முக்கோணமாக விரியும். அவ்வப்போது மிச்சமுள்ள நூலைச் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 42 கிராமுக்கு வந்ததும் கூட்டுவதை நிறுத்தி, ஒவ்வொரு வரிசையின் ஆரம்பத்திலும் இரண்டை ஒன்றாகச் சேர்த்துக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சரியாக 40-ல் திரும்பினால் கடைசி மூலையில் நூல் இழுபறியாகும். 42-ல் திரும்பினால் மிஞ்சும் 4 கிராம் முடிக்கவும் நுனிகளை உள்ளே கோத்து மறைக்கவும் வேண்டும்.